உள்ளே யாரைத் தெரியும்?

காலை ஷிப்ட்டுக்கு முன் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். சென்னையிலிருந்து வரும் மின்ரயிலில் திருவொற்றியூர், மீஞ்சூர், பொன்னேரிக்காரர்கள். சூளூர்பேட்டையிலிருந்து வரும் வண்டியில் தடா, ஆரம்பாக்கம், எளாவூர்க்காரர்கள். அதில் பாதிப் பேச்சு தெலுங்கு. வெளியே வேன்களும் ஷேர் ஆட்டோக்களும் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றுகின்றன. ‘ஆட்கள் தேவை, தங்குமிடம் இலவசம், உணவு இலவசம்’ என்று சுவரெல்லாம் நோட்டீஸ். கீழே ஒரு கைபேசி எண் இருக்கும். கம்பெனி பெயர் இருக்காது.

இத்தனை ஆலை, இத்தனை நோட்டீஸ். ஆனாலும் பக்கத்துக் கிராமத்தில் ஐ.டி.ஐ. முடித்த பையன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனால் செக்யூரிட்டி கேட்கும் முதல் கேள்வி, ‘உள்ளே யாரைத் தெரியும்?’ என்பதுதான். யாரையும் தெரியாது என்றால் பயோடேட்டாவை வாங்கி மேசை மேல் இருக்கும் கட்டோடு சேர்த்து வைத்துவிடுவார். அந்தக் கட்டு எச்.ஆர். அறைக்குப் போகிறதா என்பது அந்தக் காவலருக்கே நிச்சயமில்லை.

வேலை இல்லாததால் வரும் சிக்கல் அல்ல இது. திருவள்ளூர் மாவட்டம் சென்னையை வடக்கிலும் மேற்கிலும் வளைத்துக் கிடக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கு ஆலைகள், கம்பி இழுக்கும் ரோலிங் மில்கள், ரசாயனம், உதிரி பாகம். மேற்கே தேர்வாய் கண்டிகையில் மிஷெலின் டயர் ஆலை. நெடுஞ்சாலையை ஒட்டி மஹிந்திராவும் ஜப்பானின் சுமிடோமோவும் சேர்ந்து உருவாக்கிய தொழிற்பூங்கா. எல்லையைத் தாண்டினால் ஆந்திராவின் ஸ்ரீசிட்டி. மாவட்டத் தலைநகர்ப் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டை, மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர், 1998-ல் மிட்சுபிஷி லான்சர் கார் உருண்டு வந்து இப்போது சிட்ரோயன் கார் உருளும் ஆலை. ஆவடியில் 1960-களிலிருந்து பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலை. கடற்கரையில் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள். வேலை இருக்கிறது. அந்த வேலைக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதில்தான் சம்பளமே அடங்கியிருக்கிறது.

கம்பெனி ரோலில் இருக்கும் ஃபிட்டரும் காண்ட்ராக்ட் ஃபிட்டரும் ஒரே மெஷினில், ஒரே ஷிப்ட்டில் நிற்பார்கள். ஒருவருக்குச் சம்பளம் கம்பெனியிலிருந்து நேராக வங்கிக் கணக்குக்கு வரும். இன்னொருவருக்கு மேன்பவர் ஏஜென்சி வழியாக வரும். அந்த ஏஜென்சிக்கும் கீழே ஒரு சூப்பர்வைசர், அவருக்கும் கீழே ஊரிலிருந்து ஆள் பிடித்துக் கொடுத்த மேஸ்திரி என்று படி இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நிற்கும். கீழ்ப்படிக்கு வரும்போது பி.எஃப். பிடித்தார்களா, கட்டினார்களா என்று கேட்கக்கூட ஆள் அகப்படாது.

‘18,000 ரூபாய் சம்பளம்’ என்று ஏஜென்சி சொன்னதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது கைக்கு வரும் தொகை இல்லை. கம்பெனிக்கு அந்த ஆளால் ஆகும் மொத்தச் செலவு. பே ஸ்லிப்பைப் பிரித்துப் பார்த்தால், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000, மற்ற படிகள் 4,000, ஆக 16,000. இதற்கு மேல் முதலாளி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440. முதலாளி பங்கு இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 520. கூட்டினால் 17,960. சொன்ன வாக்குக்கு நாற்பது ரூபாய்தான் குறைவு! இப்போது தொழிலாளி பங்கைக் கழிக்க வேண்டும். பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 120. கையில் 14,440. வேனுக்கும் கேண்டீனுக்கும் ஆயிரம் பிடித்தால் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம். யாரும் பொய் சொல்லவில்லை, சட்டத்தையும் மீறவில்லை. ஆனால் 18,000 என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போன பையன் முதல் மாதம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். பி.எஃப். ஒழுங்காகக் கட்டப்பட்டால் அதுவும் அவன் பணம்தான். கட்டுகிறார்களா என்பதை யு.ஏ.என். எண்ணை வைத்துக் கைபேசியிலேயே பார்க்கலாம். அந்த எண்ணைக் கேட்டதும் முகம் சுளிக்கும் ஏஜென்சியில் இரண்டாவது மாதம் இருக்க வேண்டியதில்லை.

ஆக, நடுவில் நிற்பவர்களில் இரண்டு வகை. ஒரு வகை, வேலை வாங்கித் தந்து மாதாமாதம் அதிலிருந்து பிழைப்பவர். இன்னொரு வகை, ‘அங்க ஆள் எடுக்குறாங்கப்பா, போய்ப் பாரு’ என்று ஒரு டீயோடு விட்டுவிடுபவர். நல்ல சம்பள வேலை பெரும்பாலும் இரண்டாமவர் வழியாகத்தான் வருகிறது. அந்த இரண்டாமவர் நெருங்கிய சொந்தக்காரராக இருப்பது அபூர்வம் என்பதுதான் வேடிக்கை.

இதை முதன்முதலில் கணக்கெடுத்துக் காட்டியவர் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர். பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் நகரில், புதிதாக வேலை மாறியவர்களைப் பிடித்து எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். பாதிக்கும் மேற்பட்டவர்கள், 56 சதவீதம், தெரிந்தவர் மூலம் வந்தவர்கள். தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அடுத்த கேள்வி. அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6. மிக அரிதாக என்றவர்கள் 27.8. இதை வைத்து அவர் 1973-ல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அரை நூற்றாண்டு கழித்து, 2022-ல், லிங்க்ட்இன் தளத்தின் 2 கோடி பயனாளர்களை வைத்துச் செய்த ஆய்வு ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அதிலும் ஏறக்குறைய அதே முடிவுதான்: ரொம்ப நெருக்கமும் வேண்டாம், முழு அந்நியமும் வேண்டாம், ஓரளவு பழகியவரே வேலை மாற உதவுகிறார்.

காரணம் எளிது. நம் மாமாவுக்கும் மச்சானுக்கும் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். நம் தெருவில் நாலு பேர் ரோலிங் மில்லில் இருந்தால், தெருவுக்கே ரோலிங் மில் வேலைதான் கண்ணில் படும். டயர் ஆலையில் மெயின்டனன்ஸில் ஒருவர் வேலையை விடுகிறார் என்ற செய்தி அந்தத் தெருவுக்கு வராது. அதைக் கொண்டுவர வேறு தெருக்காரர் வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் அந்த வேறு தெருக்காரர் யார்? ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் மூத்த செட். ஒரே வாரத்தில் நாலு ஆலைக்குள் போய்வரும் கம்ப்ரஸர் சர்வீஸ் மெக்கானிக். சேஃப்டி ஷூவும் கையுறையும் சப்ளை செய்யும் கடைக்காரர். கேண்டீன் எடுத்து நடத்துபவர். வேன் டிரைவர், எந்த ஷிப்ட்டில் எந்த சீட் காலியாக வருகிறது என்பது எச்.ஆருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். இவர்களை யாரும் ‘செல்வாக்குள்ள ஆள்’ என்று நினைப்பதில்லை. கவுன்சிலர் வீட்டு வாசலில் மணிக்கணக்கில் காத்திருக்கும் பையன், அன்றாடம் தன்னை ஏற்றிப்போகும் வேன் டிரைவரிடம் வாயைத் திறப்பதில்லை.

திறந்தாலும் என்ன கேட்பது என்று ஒன்று இருக்கிறது. ‘அண்ணா, எதுனா வேல இருந்தா சொல்லுங்கண்ணா’ என்றால், ‘ஆங், சொல்றேம்பா’ என்ற பதிலோடு கதை முடிந்தது. அவருக்கும் பாவம் என்ன சொல்வதென்று தெரியாது. மாறாக, ‘அண்ணா, உங்க ஷாப்ல மெயின்டனன்ஸ்ல யாராவது நோட்டீஸ் குடுத்திருக்காங்களா? ரோல்ல எடுக்குறாங்களா, காண்ட்ராக்ட்டா? யார்கிட்ட போய் நிக்கணும்?’ என்று கேட்டால் மூன்றுக்குமே அவரிடம் பதில் இருக்கும். சிபாரிசு கேட்டால் மனிதர்கள் பின்வாங்குவார்கள், ஏனென்றால் நாளை நீங்கள் சொதப்பினால் பெயர் அவருக்குத்தான் கெடும். தகவல் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. தகவல் சொன்னவரிடம், போய்ப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று திரும்ப வந்து சொல்ல வேண்டும். கிடைக்காவிட்டாலும் சொல்ல வேண்டும். பத்தில் ஒன்பது பேர் இதைச் செய்வதில்லை என்பது என் அனுமானம். செய்கிறவனை அடுத்த முறை அவரே கூப்பிடுவார்.

இதைவிடப் பலமானது, வேலை செய்வதை அவர்கள் கண்ணால் பார்த்திருப்பது. இரும்பு, ரசாயன ஆலைகளில் வருடத்தில் சில நாள் ஷட்டவுன் எடுப்பார்கள். உலை நின்றிருக்கும் நேரத்தில் பைப், பேரிங், கன்வேயர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து மாட்டியாக வேண்டும். அப்போது வெளியிலிருந்து ஃபிட்டர், வெல்டர், ரிக்கர் ஆட்களைக் கூடுதலாகக் கூப்பிடுவார்கள். தினக்கூலிதான், இரவு பகல் பாராத வேலைதான். ஆனால் அந்தச் சில நாளில் கம்பெனியின் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் உங்கள் பக்கத்தில் நிற்கிறார். ஒரு பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றுகிறீர்களா, சூடு காட்டிப் பதமாக ஏற்றுகிறீர்களா என்பதை அவர் பார்க்கிறார். எந்த பயோடேட்டாவும் சொல்லாத விஷயம் இது. ஷட்டவுன் முடிந்து கிளம்பும்போது அவர் நம்பரை வாங்கிக்கொள்ளத் தயங்குவதுதான் நம் பையன்களின் பெரிய குறை.

அறிமுகம் கேட்டைத் திறக்கும். அதற்குமேல் கை பேச வேண்டும். ஃபிட்டர் இன்டர்வியூவில் வெர்னியர் காலிப்பரை நீட்டி லீஸ்ட் கவுண்ட் எவ்வளவு என்பார்கள். 0.02 மில்லிமீட்டர், மைக்ரோமீட்டருக்கு 0.01. இதற்கே திணறும் பையன்கள் கையில் சான்றிதழோடு வருகிறார்கள் என்பது ஐ.டி.ஐ.களுக்குப் பெருமை இல்லை. வெல்டருக்கு வாய்ப்பேச்சே கிடையாது. பைப்பைச் சாய்வாக நிறுத்தி 6ஜி பொசிஷனில் பற்றவைக்கச் சொல்வார்கள், பிறகு அந்தத் துண்டை வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். 6ஜி பாஸ் செய்த வெல்டர் சம்பளத்தை அவரே சொல்லும் இடத்தில் இருக்கிறார். 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய் செலவில் டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அரசு நவீனப்படுத்தியிருக்கிறது. ரோபோவும் சி.என்.சி.யும் வந்தது நல்லதுதான். வெர்னியரையும் கொஞ்சம் கவனிக்கலாம்.

விடாமுயற்சி என்றால் தினம் ஒரு கேட்டில் போய் நிற்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். காலம் பார்த்துப் போவதும் அதில் சேர்த்தி. தீபாவளி போனஸ் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்கள் வாங்கிய கையோடு வேலையை விடுவார்கள். ஏப்ரல் இன்க்ரிமென்ட் ஏமாற்றினால் மே மாதம் ராஜினாமா. ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போன பிஹார், ஒடிசா தொழிலாளர்களில் சிலர் திரும்புவதில்லை. ஜனவரியில் துரத்திவிட்ட அதே கேட் நவம்பரில் உள்ளே கூப்பிடும். ஒரு தடவை இல்லை என்றதை நிரந்தர இல்லையாக எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகாமலிருப்பவர்கள் இழப்பது இதைத்தான்.

விடாமல் பிடித்துக்கொள்வதற்கும் விடத் தெரிவதற்கும் நடுவில் ஒரு எண் இருக்கிறது: 480. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு சட்டம், 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. அதனால்தான் பல இடங்களில் அந்த எண்ணை நெருங்கும்போது ஆளுக்கு ‘பிரேக்’ கொடுத்துவிட்டு வேறு காண்ட்ராக்டர் பெயரில் மறுபடி எடுக்கிறார்கள். வருகைப் பதிவு, பே ஸ்லிப், கேட் பாஸ் எதையும் கையில் வைத்திருக்காத தொழிலாளிக்கு அந்தச் சட்டம் இருந்தும் இல்லாததுதான். ஒவ்வொரு மாதத்து ஸ்லிப்பையும் போட்டோ எடுத்து வைக்க ஒரு நிமிடம் போதும். ஒன்றரை வருடமாக ‘அடுத்த மாசம் பர்மனென்ட்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறு பார்ப்பதை யாரும் பொறுமையின்மை என்று சொல்ல முடியாது.

அரசு வழிகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் குறை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, கார்டு வரும் என்று காத்திருந்த தலைமுறை முடிந்துவிட்டது. 2020-ல் தனியார் துறை வேலை இணையம் தொடங்கினார்கள். 2022 மார்ச் 1-ல் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் வந்தது. தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள் நடக்கின்றன. முகாமுக்குப் போவதில் நட்டமில்லை, அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருப்பது கம்பெனியா ஏஜென்சியா என்று முதலில் கேட்டுவிட்டால். கும்மிடிப்பூண்டிக்காரருக்கு இன்னொரு தொல்லை, மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்கு நேர் ரயில் கிடையாது. சென்னைக்குள் போய் வேறு தடம் பிடித்து வரவேண்டும், அல்லது பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாக பஸ் மாறி மாறிப் போக வேண்டும்.

என்னைக் கேட்டால் அரசு வழிகளில் உருப்படியானது அப்ரண்டிஸ்தான். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் ஒவ்வொன்றும் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆகவேண்டும் என்பது விதி. உதவித்தொகை குறைவு. முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. அதைச் சொல்லியே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ‘உள்ளே யாரைத் தெரியும்?’ என்ற கேள்விக்கு ஒரு வருடத்தில் ஐம்பது பெயர் சொல்லும் நிலைமையை அப்ரண்டிஸ் தருகிறது. உள்ளே யாரும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வேறெதுவும் அதைத் தருவதில்லை.

அந்த ‘யாரும் இல்லாத வீடு’தான் இந்த முறையின் கசப்பான பக்கம். தெரிந்தவர் வழியாக வேலை என்றால், யாருக்கு யாரைத் தெரியும் என்பதை ஊரின் அமைப்பே தீர்மானித்துவிடுகிறது. ஊர்த் தெருவுக்குத் தெரிந்த சூப்பர்வைசரை காலனித் தெருவுக்குத் தெரியாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெலும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தகுதி ஒன்றாக வைத்துப் பெயரை மட்டும் மாற்றி நாடெங்கும் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. எழுத்தில் போன விண்ணப்பத்துக்கே இந்தக் கதி என்றால், வாய்வழியில் நடப்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

தேர்வாய் கண்டிகை இதற்குக் கண்முன் இருக்கும் சாட்சி. பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் ஊர்க்காரர்கள் பேணி வைத்திருந்த காட்டு நிலம் 1,127 ஏக்கர் சிப்காட்டுக்குப் போனது. 2009-ல் 4,000 கோடி ரூபாய் முதலீட்டுக்கு மிஷெலின் ஒப்பந்தம் போட்டது. ஊர் எதிர்த்துப் போராடியது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 2012-ல் புகார் பாரிஸ் வரை போய், பன்னாட்டு நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகளைக் கவனிக்கும் பிரெஞ்சு அமைப்பின் மேசையில் விழுந்தது. கம்பெனி நெறியை மீறவில்லை என்று 2013-ல் அந்த அமைப்பு முடிவு சொன்னது, சில பரிந்துரைகளோடு. ஆடு மாடு மேய்த்த நிலத்தில் எழுந்த ஆலைக்குள் எத்தனை பிள்ளைகள் ரோலில் நிற்கிறார்கள் என்று ஊர் கேட்பது தயவு கேட்பதாகாது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரா, 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கே என்று 2019-ல் சட்டமே போட்டது. ஹரியானா போட்ட அதேபோன்ற சட்டத்தை 2023-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. சட்டத்தால் கதவைத் திறப்பது அவ்வளவு சுலபமில்லை.

கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது, மாநிலத்தின் பெரிய முகாம்களில் ஒன்று. அங்கே பட்டம் படித்தவர்களும் பெயின்டிங் வேலைக்குப் போனார்கள். காரணம் அறிமுகம்தான், முகாமில் முன்னே போனவர்களுக்குத் தெரிந்த வேலை பெயின்டிங். ஒருவர் கையைப் பிடித்து இன்னொருவர் அதே ஏணியில் ஏறினார். அறிமுகம் ஏற்றியும் விடும், ஒரே இடத்தில் கட்டியும் போடும்.

பெண்களுக்கு ‘உள்ளூர் வேலை’ என்றால் சம்பளத்துக்கு முன் இன்னொரு கணக்கு உண்டு: இரவு சொந்த வீட்டில் தூங்க முடியுமா? 2021 டிசம்பரில் பூவிருந்தவல்லியில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு, 159 பேர் மருத்துவமனைக்குப் போக, மற்றவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, அந்த விடுதி இருந்ததும் இதே மாவட்டத்தில்தான். வேன் வீட்டருகே வருமா, கடைசி ஷிப்ட் எத்தனை மணிக்கு விடும் என்பதை ஏற்கெனவே போய்வரும் பெண்ணிடம் கேட்டுத்தான் இன்னொரு பெண் வேலைக்குக் கிளம்புகிறாள். எந்த இணையதளமும் அந்தப் பதிலைப் போடுவதில்லை.

கடைசியாக ஒரு பழைய சட்டம். காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 1959-லேயே சட்டம் வந்தது. தனியாரில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கும் அது பொருந்தியது. அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. காலியிடம் இருப்பதைச் சொன்னால் போதும். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்தக் கடமை தொடர்கிறது. கூடவே ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்றும் சேர்த்திருக்கிறார்கள். ஆனாலும் காலியிடச் செய்தி அலுவலகத்துக்குப் போகுமுன் டீக்கடைக்கு வந்துவிடுகிறது, அதுவும் எல்லா டீக்கடைக்கும் இல்லை. சிப்காட் அலுவலக வாசலிலும் சுற்றியுள்ள ஊராட்சி அலுவலகங்களிலும் ஒரு பலகை வைத்து, எந்த ஆலையில் என்ன வேலை, ரோலா காண்ட்ராக்ட்டா, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, யாரைப் பார்க்க வேண்டும் என்று வாரம் ஒருமுறை எழுதிப்போட என்ன செலவாகிவிடும்? மாவட்ட ஆட்சியர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம்.